மொறிஸ் மைனருக்கு டேர்போ எதற்கு?

"ஸ்டொக் எஞ்சினுக்கு டேர்போ பூட்டுறது" என்ற பேச்சிலேயே ஒரு பொய் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறோம். எஞ்சின் கொம்பனியிலிருந்து வந்தபடி இருந்தால் அதில் டேர்போ நின்றுபிடிக்காது. டேர்போ நின்றுபிடிக்க வேண்டுமென்றால் பிஸ்டனிலிருந்து பெற்றோல் பம்ப் வரைக்கும் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு அது ஸ்டொக் எஞ்சின் இல்லை. காணொளிகளிலோ இந்த இரண்டுக்கும் நடுவில் சுகமான ஒரு மூன்றாவது வழி இருப்பதுபோலக் காட்டுகிறார்கள். பஞ்சிகாவத்தையில் வாங்கின ஒரு பழைய டேர்போ, ரெண்டு இடத்தில வெல்டிங், நாலு ரப்பர் ஹோஸ், பின்னணியில் ஒரு பாட்டு. அப்பப்பாவின்ர மொறிஸ் மைனர் விசிலடிச்சுக்கொண்டு பறக்குது. கீழே வரிசையாக நெருப்பு இமோஜி.

அந்த நெருப்பு இமோஜிகளுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம். "ஆர்ட்ஸ் பக்கல்ரிப் பிள்ளையளுக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். கேட்கட்டும். வரலாறு படிக்கிறவர்களுக்கு ஒரு கல்வெட்டை எப்படி வாசிப்பது என்று சொல்லித் தருகிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஓடுகிற ஒரு ஒஸ்ரின் ஏ40 எங்களுக்கு அதைவிடக் குறைந்த ஆவணம் இல்லை. வாசிக்கத் தெரியாமல் அதில் கீறுகிறவர்களோடு சண்டை பிடிக்க எஞ்சினியரிங் பட்டம் தேவையில்லை. பொனற்றைத் திறந்து பார்க்கிற பொறுமை இருந்தால் போதும்.

இந்தப் பேச்சு ஏன் இப்ப வந்தது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்கள் திரும்ப வரத் தொடங்க 2025 ஆகிவிட்டது. அந்த ஐந்து வருடத்தில் நாட்டில் சில்லு இருந்த எல்லாமே விலையேறியது. மாமரத்துக்குக் கீழே, கோழி முட்டையிடுகிற கொட்டிலுக்குள்ளே, தகரத்தால் மூடிக் கிடந்த பழைய கார்களை எங்கட வயதுப் பொடியள் இழுத்து வெளியே எடுத்தார்கள். நல்ல விசயம். கழுவினார்கள், துருவைச் சுரண்டினார்கள், ஓட வைத்தார்கள். அதற்குப் பிறகு என்ன செய்வது என்ற இடத்தில்தான் இரண்டு கட்சி ஆனது. ஒரு கட்சிக்கு எல்லாமே "ஒரிஜினல்" ஆக இருக்க வேண்டும், ஸ்குரூவின் தலை உட்பட. மற்றக் கட்சிக்கு டேர்போ வேண்டும்.

நாங்கள் முதலாவது கட்சியின் ஆட்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர்களோடு எங்களுக்கு இருக்கிற கோபமும் சின்னது இல்லை. ஏனென்றால் யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனர் என்பது ஒருநாளும் ஒரிஜினலாக இருந்ததில்லை.

1990 இல் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை. பற்றரி இல்லை. உதிரிப்பாகம் இல்லை. இருந்தது மண்ணெண்ணெய், அதுவும் பங்கீட்டிலும் கள்ள விலையிலும். அந்த மண்ணெண்ணெயில்தான் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் ஓடின. சின்னப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார்கள். காபரேற்றருக்குள் அதைப் பீச்சி ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடாகின பிறகு மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். புகையும் மணமும் பின்னால் வருகிற சைக்கிள்காரனின் சேர்ட்டில் நாள் முழுக்க நிற்கும் என்று சொல்லுவார்கள். பிள்ளைப்பேறுக்குப் போனவர்கள், செல்லில் காயப்பட்டவர்கள், 95 இடப்பெயர்வில் நடக்கேலாமல் இருந்த கிழவிகள் எல்லாரையும் இந்தக் கார்கள் ஏற்றின. எங்களில் யாரும் அப்போது பிறக்கவில்லை. ஆனால் இந்தக் கதை இல்லாத வீடு எங்கட பக்கத்தில் இல்லை.

ஏன் அந்தக் கார்களால் முடிந்தது? இது பக்தியால் நடந்த அதிசயம் இல்லை. எஞ்சின் சிலிண்டருக்குள் காற்றையும் எரிபொருளையும் எத்தனை மடங்கு நெரிக்கிறது என்பதற்கு ஒரு விகிதம் உண்டு, கொம்பிரஷன் விகிதம். அந்தக் கால ஏ40 இன் விகிதம் ஏழுக்குக் கொஞ்சம் மேலே. கூட நெரித்தால் மண்ணெண்ணெய் தானாகப் பற்றிக்கொண்டு வெடிக்கும். குறைய நெரித்தால் ஓரளவு ஒழுங்காக எரியும். அதோடு அவற்றில் கொம்பியூட்டர் இல்லை, சென்சர் இல்லை. காபரேற்றரும் பொயின்றும் மட்டும்தான். ஒரு ஸ்குரூட்றைவரால் எல்லாவற்றுக்கும் சமாதானம் சொல்லலாம். அதற்கும் விலை இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங் தாண்டி ஒயிலுக்குள் இறங்கும், ஒயில் தண்ணீராகும், பிளக்கில் கரி பிடிக்கும். இதெல்லாம் தெரிந்துதான் மெக்கானிக்மார் ஓட்டினார்கள். எந்தச் சத்தம் வந்தால் நிப்பாட்ட வேண்டும் என்று அவர்களுக்குக் காது இருந்தது.

ஒரிஜினல்காரருக்கு இந்தக் கதையெல்லாம் கறை. மண்ணெண்ணெய் காலத்துக் காபரேற்றரைக் கழற்றி எறிந்துவிட்டு இங்கிலாந்திலிருந்து புதுசு எடுப்பார்கள். 1950களில் இங்கிலாந்தில் கார் எப்படி இருந்ததோ அப்படி இருக்க வேண்டும். நடுவில் நாங்கள் வாழ்ந்த நாற்பது வருடத்தையும் துருவோடு சேர்த்துச் சுரண்டிவிட வேண்டும். ஆகவே எங்கட வாதம் "பழசைத் தொடாதே" என்பது இல்லை. தொடுங்கோ. வடிவாத் தொடுங்கோ. டேர்போவைப் பற்றி மட்டும் இப்ப கதைப்போம்.

டேர்போக்காரர் எங்களைப் பார்த்துச் சொல்லுகிற முதல் கதையே மண்ணெண்ணெய்க் கதைதான். "அண்டைக்கு அவை மாத்தினவை, இண்டைக்கு நாங்கள் மாத்திறம், இதுவும் அதின்ர தொடர்ச்சிதான்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த மாற்றம் போன திசை வேறு. அன்றைக்கு, ஊரில் கிடைக்கிற மோசமான எண்ணெயில், கிடைக்கிற ஆயுதங்களோடு ஓடும்படி காரைக் கீழே இறக்கினார்கள். டேர்போ, ஊரில் கிடைக்காத பெற்றோலையும் கிடைக்காத பாகங்களையும் கிடைக்காத பிரேக்கையும் கேட்கும்படி காரை மேலே ஏற்றுகிறது. ஒன்று காரை எங்களுக்குப் பொருத்தியது. மற்றது எங்களை ஒரு டேர்போவுக்குப் பொருத்தப் பார்க்கிறது.

இனி பொனற்றைத் திறப்போம்.

மொறிஸ் மைனரை அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளியே விட்டார்கள். பத்து இலட்சத்தைத் தாண்டி விற்ற முதல் பிரிட்டிஷ் கார் அது. 1952 இலிருந்து அதில் ஏ-சீரிஸ் எஞ்சின் வந்தது: முதலில் 803 சிசி, 1956 இல் 948, 1962 இல் 1098. கடைசியாக வந்த இந்த 1098 தான் எல்லாவற்றிலும் வலுவானது, 48 குதிரைவலு. நாலு சிலிண்டருக்கு கிராங்கைத் தாங்க மூன்றே மூன்று மெயின் பெயாரிங். காற்றுப் போகிற வழியும் புகை வருகிற வழியும் எஞ்சினின் ஒரே பக்கத்தில். நடுவில் இருக்கிற இரண்டு சிலிண்டரும் புகை விடுவதற்கு ஒரே வாசலைப் பங்கு போடுகின்றன. இரண்டு குடும்பம் ஒரு அடுப்பில் சமைக்கிற மாதிரி, அந்த இடம் எப்போதும் மற்ற இடங்களைவிடச் சூடு.

டேர்போ என்ன செய்கிறது? சைலன்சரால் வீணாகப் போகிற சூடான புகையை ஒரு சக்கரத்தில் மோத விட்டு, அது சுற்றுகிற வேகத்தில் அதே தண்டில் இருக்கிற மற்றச் சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. 1905 இல் சுவிஸ் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி இதற்குக் காப்புரிமை எடுத்தார். கெட்டிக்காரத்தனமான வேலை, நாங்கள் மறுக்கவில்லை. அந்தச் சக்கரம் நிமிசத்துக்கு இலட்சம் தடவைக்கு மேலே சுற்றும். அதைத் தாங்குகிற பெயாரிங்குக்கு எஞ்சின் ஒயில்தான் போக வேண்டும். புகைப் பக்கம் செக்கச் சிவக்கும் அளவுக்குச் சூடாகும்.

இப்போது அந்தச் செக்கச் சிவந்த சாமானை மைனரில் எங்கே வைக்கப் போகிறீர்கள்? புகை வாசல் இருக்கிற பக்கத்தில். அங்கேதான் காபரேற்றரும் அதன் பெற்றோல் கிண்ணமும் இருக்கின்றன. சித்திரை வெயிலில், டேர்போ இல்லாமலே, பெற்றோல் ஆவியாகி வழியில் நின்றுபோகிற கார் அது. தீப்பெட்டியை அடுப்புத்திட்டில் வைக்காதே என்று வீட்டில் ஆறு வயதில் சொல்லித் தருகிறார்கள்.

"குறைஞ்ச பூஸ்ட்தான் விடுறம், வெறும் அஞ்சு பிஎஸ்ஐ." இது அடுத்த பதில். வெறும் ஐந்து! எங்களைச் சுற்றி இருக்கிற காற்றின் அழுத்தமே 14.7 பிஎஸ்ஐதான். ஐந்து என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு. எஞ்சினுக்குள் போகிற காற்றை அந்தளவால் கூட்டப் பார்க்கிறீர்கள். அமுக்கின காற்றுச் சூடாகும். சூடான அந்தக் காற்றை 8.5 மடங்கு நெரிக்கிற சிலிண்டருக்குள் விடுகிறீர்கள். ஊற்றுகிறது 92 ஒக்டேன். 1098 எஞ்சினுக்கு 92 ஏற்கெனவே மட்டுமட்டுத்தான். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் அழுத்தினால் கிணுகிணு என்று ஒரு சத்தம் கேட்கும், அதற்குப் பெயர் நொக்கிங். டேர்போவோடு அது கிணுகிணு இல்லை, சுத்தியல். ரிங் உடையும், பிஸ்டனில் ஓட்டை விழும், இரண்டாம் மூன்றாம் சிலிண்டருக்கு நடுவில் ஹெட் கஸ்கட் போகும். ஏ-சீரிஸ் கஸ்கட் போனால் அனேகமாக அந்த இடத்தில்தான் போகும் என்பது எந்தப் பாஸைக் கேட்டாலும் தெரியும்.

நொக்கிங் வந்தால் புதுக் கார்களில் கொம்பியூட்டர் அதைக் கேட்டு, பொறி அடிக்கிற நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். மைனரில் இருப்பது பொயின்ற் டிஸ்ரிபியூட்டர். வேகம் கூடினால் பொறியை முன்னுக்குத் தள்ளத்தான் அதற்குத் தெரியும். பூஸ்ட் என்ற ஒன்று உலகத்தில் இருக்கிறது என்றே அதற்குத் தெரியாது.

பெற்றோல் பம்ப் கதை இன்னும் மோசம், காணொளிகளில் யாரும் சொல்லாததும் அதுதான். மைனரில் இருக்கிற எஸ்யூ மின்பம்ப் இரண்டு மூன்று பிஎஸ்ஐக்கு மேலே தள்ளாது. காபரேற்றருக்குள் ஐந்து பிஎஸ்ஐ காற்றை ஊதினால் பெற்றோல் எப்படி உள்ளே வரும்? வராது. சரியாக நீங்கள் காலை அழுத்துகிற நேரத்தில், எஞ்சினுக்குக் கூடுதலாகப் பெற்றோல் வேண்டிய அந்த நேரத்தில், பெற்றோல் குறையும். காற்றுக் கூடி எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும். முதல் ஐந்து நிமிசக் காணொளிக்கு ஒரு பிரச்சினையும் தெரியாது. வவுனியாவுக்குப் போய்த் திரும்புகிற அளவு தூரம் ஓடட்டும், அப்போது பார்ப்போம்.

வால்வ் கதையை ஒரு வரியில் சொல்லி விடுகிறோம்: அந்தக் காலப் பெற்றோலில் ஈயம் இருந்தது, வால்வ் உட்காருகிற இடம் அதை நம்பித்தான் வார்க்கப்பட்டது, இப்போது ஈயம் இல்லை, சுமை கூடக்கூட அந்த இடம் தேய்ந்து வால்வ் உள்ளே அமிழும்.

"அப்ப ஏ-சீரிஸில டேர்போ ஒருத்தரும் போடேல்லையோ?" போட்டார்கள். போட்டது அதைச் செய்த கொம்பனியேதான். 1982 இல் எம்ஜி மெட்றோ டேர்போ வந்தது, 1275 சிசி ஏ-சீரிஸ். அதற்கு லோட்டஸ்காரரின் உதவி எடுத்தார்கள். கிராங்கைப் பலப்படுத்தினார்கள். புகை வால்வுக்குள் சோடியம் நிரப்பினார்கள், சூட்டைக் கடத்துவதற்கு. இவ்வளவும் செய்துவிட்டும், கியர்பொக்ஸ் தாங்காது என்று பூஸ்ட்டைக் குறைத்து வைத்தார்கள். கிடைத்தது 93 குதிரைவலு. டேர்போ இல்லாத எம்ஜி மெட்றோவுக்கு 72. இருபத்தொரு குதிரைக்காக ஒரு கார்க் கொம்பனியும் லோட்டஸும் சேர்ந்து இவ்வளவு பாடுபட்டதை, சுன்னாகத்தில் ஒரு கராஜில் மூன்று நாளில் வெல்டிங்கால் செய்து முடிக்கலாம் என்று நம்பச் சொல்கிறீர்கள்.

இன்னும் பின்னால் போனால் இன்னும் நல்ல பாடம் இருக்கிறது. 1962 இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெற்ஃபயர் வந்தது, உலகத்திலேயே டேர்போவோடு கடைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. அவர்கள் கொம்பிரஷனைக் குறைக்கவில்லை, 10.25 இல் வைத்தார்கள். நொக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தாங்கியில் ஊற்ற வேண்டும். சனம் ஊற்ற மறந்தது. இரண்டு வருடத்தோடு கார் முடிந்தது. பிறகு பலர் டேர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண காபரேற்றர் போட்டுக்கொண்டார்கள். 1973 இல் பிஎம்டபிள்யூ 2002 டேர்போ வந்தபோது கொம்பிரஷனை 6.9க்கு இறக்கினார்கள், முன் பிரேக்கைப் பெரிதாக்கினார்கள். அந்தக் காரை இன்றைக்கு ஏலத்தில் தேடித் தேடி வாங்குகிறவர்கள், டேர்போ என்ற சின்னச் சாமானுக்காக மாற்றப்பட்ட பெரிய சாமான்களின் பட்டியலை வாசிப்பதில்லை.

6.9 என்ற அந்த எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். எங்கட மண்ணெண்ணெய் ஏ40 ஓடின இடத்துக்குப் பக்கத்து வீடு. டேர்போ போட வேண்டுமென்றால் குறைந்த கொம்பிரஷன் வேண்டும். எங்கட கிழட்டு எஞ்சின்களில் அது முதலே இருந்தது. சிரிப்பு வருகிறது, ஆனால் வாதமாக எடுக்க வேண்டாம். ஏ40 இன் மிச்ச எதுவும் அதற்குத் தயாராக இல்லை.

எஞ்சின் உடைவது உங்கட காசு. அதற்காக நாங்கள் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். உடையாமல் ஓடினால்தான் எங்களுக்குப் பயம்.

மைனரில் நாலு சில்லுக்கும் ட்ரம் பிரேக். பின்னால் ஏழு அங்குலம், கடைசி மொடல்களில் முன்னால் எட்டு அங்குலம். சேர்வோ இல்லை. ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர், அதுவும் காலடியில் தளத்துக்குக் கீழே, மழைத்தண்ணி அடிக்கிற இடத்தில். ஒரு குழாயில் ஒழுகினால் நாலு சில்லிலும் பிரேக் இல்லை. முன் சில்லைப் பிடித்து வைத்திருக்கிற கீழ் ட்ரனியன் தேய்ந்தால் ஒருநாள் கழன்று சில்லு பக்கவாட்டில் படுக்கும். இது வதந்தி இல்லை. மைனர் வைத்திருக்கிற எல்லாரும் கிறீஸ் துவக்கை எடுத்துக்கொண்டு குனிவதே இதற்குத்தான். சீற் பெல்ற் கிடையாது. தலைக்குப் பின்னால் தாங்கு கிடையாது.

வேகம் 60 இலிருந்து 90 ஆனால் நிறுத்த வேண்டிய சக்தி ஒன்றரை மடங்கு இல்லை, இரண்டேகால் மடங்கு. ஓ.எல்.இல் படித்த கணக்கு. 48 குதிரைக்காக அளந்து போட்ட பிரேக்கிடம் அந்த இரண்டேகால் மடங்கைக் கொடுக்கிறீர்கள். ட்ரம் சூடானால் பிடி விடும். இரண்டாந்தரம் அழுத்தும்போது முதல் தரம் பிடித்த மாதிரிப் பிடிக்காது. ஊர்களுக்கு வெளியே கார்களுக்குச் சட்டம் அனுமதிப்பது 70. ஊருக்குள் 50. மைனர் டேர்போ இல்லாமலே அந்த இரண்டையும் தாண்டும். அப்படியென்றால் இந்தக் கூடுதல் குதிரைகளை எங்கே மேய்க்கப் போகிறீர்கள்? ஏ9 இலா? மாங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் நடுவில் இரவில் மாடு படுத்திருக்கிற ரோட்டிலா? பின்னேரம் ரியூசன் விட்டு சைக்கிளில் மூன்று பேர் சமாந்தரமாகப் போகிற கே.கே.எஸ். வீதியிலா?

"என்ர கார், என்ர காசு." இருக்கட்டும். ரோட்டு எல்லாருடையதும்.

மலைநாட்டு நண்பர் ஒருவர் எங்களோடு வாதாடினார்: நுவரெலியா ஏற்றத்தில் பழைய கார் மூச்சு வாங்குகிறது, உயரத்தில் காற்று ஐதாக இருப்பதால் டேர்போ உண்மையிலேயே உதவும், யாழ்ப்பாணத்துத் தட்டை நிலத்திலிருந்துகொண்டு எங்களுக்குப் பாடம் எடுக்காதீர்கள் என்று. முதற் பாதி சரி. உயரத்தில் டேர்போ உதவும். ஆனால் ஏறினது இறங்க வேண்டும், அந்த வளைவுகளில், அந்த ட்ரம் பிரேக்கோடு. அந்தக் கார்கள் எழுபது வருடமாக அந்த மலையை இரண்டாம் கியரில் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. மெதுவாக ஏறுவது நோய் இல்லை.

இன்னொன்று, பொதுவாக யாரும் கதைக்காதது. இந்தக் காணொளிகளில் முகம் தெரிவது காரின் சொந்தக்காரருக்கு. குனிந்து வேலை செய்கிற முதுகு மட்டும்தான் மெக்கானிக்குக்கு. வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பின காசோடும் போனில் ஒரு காணொளியோடும் கராஜுக்கு வந்து, "பாஸ், இதைப் பார்த்து இப்பிடியே செய்து தாங்கோ" என்கிறார்கள். மண்ணெண்ணெயில் ஓட்டின மனிசனுக்கு, ஒரு வெள்ளைக்காரன் டெக்சாஸிலிருந்து பாடம் எடுக்கிறான். "தம்பி, இது சரிவராது" என்று சொன்னால் அவருக்குப் புதுசு தெரியாது என்று பெயர். சரி என்று செய்து கொடுத்து, மூன்றாம் மாதம் பிஸ்டன் ஓட்டையானால், "அந்தாள் வேலையைக் கெடுத்திட்டார்" என்று ஊர் முழுக்கப் பேச்சு. அவர் சொன்னது யாருக்கும் நினைவிருக்காது. வெல்டிங் பிடிக்கிற பதினெட்டு வயதுப் பொடியன் பெற்றோல் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிகூட இல்லாமல் நிற்கிறான். அவன் உங்கட காணொளியில் தெரிவதில்லை.

பழைய சாமான் கடைகளில் கிடைக்கிற டேர்போக்களும் எதிலிருந்து வந்தவை என்று பாருங்கள். பாதி டீசல் வானிலிருந்து. டீசல் புகையைவிடப் பெற்றோல் புகை சூடு கூட, அந்தச் சூட்டுக்கு அவை செய்யப்படவில்லை. மற்றவை 660 சிசி ஜப்பான் கார்களிலிருந்து. அந்தக் கார்களில் அதற்கென்று இன்ரகூலரும் கொம்பியூட்டரும் இருந்தன, அவை ஜப்பானிலோ துறைமுகத்திலோ கழற்றி விடப்பட்டு, டேர்போ மட்டும் உங்கட கைக்கு வந்திருக்கிறது. ஈரலை மட்டும் எடுத்து ஒட்டின மாதிரி.

2022 ஐயும் ஒருக்கா நினைக்க வேண்டும். பெற்றோலுக்கு இரண்டு நாள் வரிசை. கியூஆர் வந்தபோது ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அந்த வருடம் பழைய கார் வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? காபரேற்றரைத் துப்பரவாக்கினார்கள், ஜெற்றைக் குறைத்துப் பார்த்தார்கள், ரயருக்குக் காற்றுச் சரியாக அடித்தார்கள். மண்ணெண்ணெய்க் காலத்து மூளை திரும்ப வேலை செய்தது. மூன்றே வருடத்தில் அதை மறந்துவிட்டு, கூடக் குடிக்கிற எஞ்சினைக் கைதட்டி வரவேற்கிறோம்.

"அப்ப மைனரை மியூசியத்தில வைக்கச் சொல்லுறியளோ?" இல்லை. வேகம் பிடிக்கும் என்பதும் எங்களுக்கு விளங்காத விசயம் இல்லை, எங்களில் பலர் மோட்டார்சைக்கிள் ஓடுகிறவர்கள். வேகம் வேண்டுமென்றால் வேகத்துக்காகச் செய்த வண்டியை எடுங்கோ. உண்மையிலேயே ஏ-சீரிஸில் டேர்போதான் வேண்டுமென்றால், வார்த்த பிஸ்டனை எடுத்துவிட்டு அடித்த பிஸ்டன் போட்டு, கொம்பிரஷனை இறக்கி, பொறியைப் பின்னுக்குத் தள்ளுகிற இக்னிசன் போட்டு, பம்ப்பும் பிரேக்கும் கியர்பொக்ஸும் மாற்றிச் செய்யுங்கோ. பிரிட்டனில் மினிக்காரர் அப்படிச் செய்கிறார்கள், ஓடுகிறது. எவ்வளவு காசு என்று கூட்டிப் பார்த்துவிட்டு, தலைப்பில் "ஸ்டொக் எஞ்சின்" என்று மட்டும் எழுதாதையுங்கோ.

அந்தக் காசில் ஒரு பங்கு போதும் மைனரை உண்மையிலேயே நல்ல காராக்க. முன்னுக்கு டிஸ்க் பிரேக், அதற்குச் செற்றாகவே வருகிறது. புது ட்ரனியன். சீற் பெல்ற். ஈயமில்லாத பெற்றோலுக்கு ஏற்ற வால்வ் இருக்கை. ரேடியேற்றருக்குப் புதுக் கோர். இவையும் ஒரிஜினல் இல்லை, ஒரிஜினல்காரர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். பிரிட்டனில் ஓடுகிற மைனர்களுக்கான தகடுகளை இலங்கையில் அடித்து அனுப்பின காலமே இருந்தது. நாங்கள் ஏன் அங்கிருந்து முத்திரை குத்திய ஆணிக்குக் காத்திருக்க வேண்டும்?

கமெரா வைத்திருக்கிறவர்களிடம் ஒரு கோரிக்கை. மண்ணெண்ணெயில் கார் ஓட்ட வைத்த மெக்கானிக்மார் இன்னும் இருக்கிறார்கள், அனேகமானவர்களுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒழுங்கான பதிவு ஒன்றை எங்களால் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை டேர்போவைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போகிறவர்கள், அதை டிக்கியில் வைத்துவிட்டு அவரிடம் கேளுங்கோ: எந்த ஜெற் போட்டனியள் ஐயா, எத்தனை மைலுக்கு ஒருக்கா ஒயில் மாத்தினனியள், கஸ்கட்டை என்ன செய்தனியள், பொறியை எவ்வளவு பின்னுக்கு விட்டனியள், எந்தச் சத்தம் கேட்டா நிப்பாட்டினனியள்?